லினக்ஸில் வெளி வன்தட்டுச் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வன்தட்டு செத்துவிட்டது, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டதா?" என்று கேட்டு வருபவர்களுக்காக இந்தப் பக்கம். வெளி வன்தட்டு என்று நாம் வாங்குவதில் பல பொருட்கள் இருக்கின்றன. உள்ளே ஒரு வன்தட்டு, அதைச் சுற்றி ஒரு கேசிங், கேசிங்குக்குள் விரல் நீளத்தில் ஒரு மின்சுற்றுப் பலகை, வெளியே ஒரு கேபிள், பெரிய அளவு என்றால் தனியாக ஓர் அடாப்டர். இவற்றில் வன்தட்டைத் தவிர மற்ற எல்லாமே மலிவாகச் செய்யப்படுகின்றன. முதலில் பழுதாவதும் பல வேளைகளில் அவைதான். அதைச் சோதித்துப் பார்க்காமலே வன்தட்டை ஃபோர்மட் செய்துவிடுகிறார்கள், அல்லது தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இடப்பெயர்வுகளில் ஆல்பங்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மிஞ்சிய படங்களை ஸ்கேன் செய்து ஒரே ஒரு வன்தட்டில் வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீடுகளை நினைத்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கட்டளைகளை எழுத்து எழுத்தாக, ஆங்கில எழுத்துகளின் ஒலியில் தந்திருக்கிறேன். முனையத்தில், அதாவது கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தில், அவற்றைச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். கட்டளைகளில் டி, பி என்று குறிலில் வருபவை ஆங்கில வரிசையின் நான்காம், இரண்டாம் எழுத்துகள், டீ, பீ என்று நெடிலில் வருபவை இருபதாம், பதினாறாம் எழுத்துகள்.

வன்தட்டு பழுதா, கேசிங் பழுதா என்று எப்படிப் பிரித்தறிவது?

கேபிளைக் கழற்றிவிட்டு முனையத்தைத் திறந்து, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் டிஎம்இஎஸ்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஹைஃபன் டபிள்யூ சேருங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சொல்வதெல்லாம் அது சொல்லச் சொல்லத் திரையில் ஓடும். இப்போது வன்தட்டைச் செருகிவிட்டு வாசியுங்கள்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால், கணினிக்கு எதுவோ செருகப்பட்டதே தெரியவில்லை. கேபிள், கணினியின் யூஎஸ்பி துளை, கேசிங்கின் சொக்கெட், அடாப்டர் ஆகியவற்றில் ஒன்றில்தான் கோளாறு. வன்தட்டைப் பற்றிக் கவலைப்பட இன்னும் காரணமில்லை.

வரி வந்து, கூடவே "எரர் மைனஸ் 71" அல்லது "எரர் மைனஸ் 110" என்றிருந்தால், கணினியும் கேசிங்கும் ஒன்றோடொன்று பேச முயன்று தோற்கின்றன. 71 என்பது தொடர்பு நெறிமுறைப் பிழை, 110 என்பது பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்த பிழை. நைந்த கேபிளும் பற்றாக்குறை மின்சாரமுமே இதற்கு வழக்கமான காரணங்கள்.

கேசிங்கின் பெயர் சரியாக வந்து கொள்ளளவு மட்டும் பூச்சியம் என்று காட்டினால், பலகை உயிரோடு இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் உள்ள வன்தட்டு பதில் சொல்லவில்லை. வன்தட்டு சுழல்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக வந்து, கோப்புகளைத் திறக்கும்போது "ஐ ஓ எரர்" என்ற வரியும் ஒரு செக்டர் எண்ணும் (வன்தட்டின் எந்தத் துண்டு என்று சொல்லும் எண்) வருகிறதா? அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கழற்றிச் செருகி, அதே கோப்பை மீண்டும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண்தான் வருகிறதென்றால் வன்தட்டின் அந்த இடம் கெட்டிருக்கிறது. எண் மாறிக்கொண்டே இருந்து, நடுவில் "ரீசெட்" என்ற சொல்லும் வந்தால், பெரும்பாலும் வன்தட்டு நலம், அதற்குப் போகும் வழிதான் கெட்டிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விட உறுதியான சோதனை ஒன்று உண்டு. வன்தட்டைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த இன்னொரு கேசிங்கிலோ மேசைக் கணினிக்குள் வன்தட்டை இணைக்கும் சாட்டா கேபிளிலோ இணைத்துப் பார்ப்பது. நண்பர் ஒருவரிடம் அரை மணி நேரம் இரவல் வாங்கினால் போதும்.

உள்ளே டிக், டிக் என்று சத்தம் கேட்கிறது. முடிந்துவிட்டதா?

அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். மின்சாரம் போதாத வன்தட்டும் இப்படித்தான் சத்தமிடும். தட்டு சுழலத் தொடங்கும், வேகம் எடுக்கும் முன் மின்னழுத்தம் விழும், ஒரு டிக், மறுபடி முதலிலிருந்து. உற்றுக் கேட்டால் ஒவ்வொரு டிக்குக்கும் முன்னால் சுழற்சியின் ஒலி மெல்ல ஏறி, பாதியில் அறுந்து விழுவது தெரியும். அப்படியென்றால் வேறு கேபிள், வேறு துளை, வேறு அடாப்டர் என்று மாற்றிப் பாருங்கள்.

தட்டு முழு வேகத்தில் ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருக்க, அதன் மேல் டிக், டிக் என்று கேட்டால் அது வாசிப்பு முனையின் சத்தம். கீழே விழுந்த வன்தட்டில் இது கேட்டால் அந்தக் கணமே மின்சாரத்தை நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தட்டின் மேற்பரப்பு உரசப்படலாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுப்பது போன்ற வைத்தியங்களைக் கொழும்பின் ஈரப்பதத்தில் நினைத்தும் பார்க்க வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளேயும் வெளியேயும் நீர் படியும்.

என் மேசைக் கணினியில் தெரிகிறது, மடிக்கணினியில் தெரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தர வேண்டியது 500 மில்லி அம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. இரண்டரை அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும் சில வினாடிகளில் ஏறத்தாழ ஓர் அம்பியர் வரை இழுக்கும். மேசைக் கணினிகளின் பின்பக்கத் துளைகள் சற்றுத் தாராளமாகத் தரும், பழைய மடிக்கணினிகள் தராது. தனக்கென்று அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைத்தால் தீர்ந்துவிடும்.

ரஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. பை 4இன் நான்கு துளைகளும் சேர்ந்து தருவதே 1.2 அம்பியர்தான். பை 5இல், 5 அம்பியர் அடாப்டர் இருந்தால் 1.6 அம்பியர், 3 அம்பியர் அடாப்டர் என்றால் வெறும் 600 மில்லி அம்பியர். இரண்டு வன்தட்டுகளை நேரடியாகச் செருகிவிட்டு லினக்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை.

மூன்றரை அங்குலக் கேசிங்கின் அடாப்டர் பழுது. வீட்டில் இருக்கும் வேறு அடாப்டரைச் செருகலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல வன்தட்டுகள் இங்கேதான் சாகின்றன.

மூன்றரை அங்குல வன்தட்டுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தேவை. அடாப்டர் 12ஐத் தரும், கேசிங்கின் பலகை அதிலிருந்து 5ஐ ஆக்கிக்கொள்ளும். சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் பாதையில் 2 அம்பியர் வரை தேவைப்படலாம். இணைய ரவுட்டர்களோடு வரும் அடாப்டர்களில் பல 12 வோல்ட், 1 அம்பியர். அவற்றைச் செருகினால் எதுவும் எரியாது, ஆனால் வன்தட்டு எழும்பாது, அல்லது எழும்பிவிட்டு நடுவில் விழும்.

மடிக்கணினி அடாப்டரோ 19 வோல்ட். அதன் உருளை முனை பல கேசிங்குகளின் துளைக்குள் அழகாகப் பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்து. செருகிய மறுகணம் பலகை எரியும், வன்தட்டின் சொந்தப் பலகையும் சேர்ந்து போகலாம். வன்தட்டின் பலகையில் அதிக மின்னழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் டையோடு ஒன்று பொதுவாக உண்டு. திறமையான எலெக்ட்ரோனிக்ஸ் திருத்துநர் அதைக் கழற்றினால் வன்தட்டு மீண்டும் எழக்கூடும். அதன் பிறகு அதற்கு அந்தக் காவல் இல்லை என்பதால் உடனே பிரதி எடுத்துவிட வேண்டும். இணையத்தில் பார்த்து, அதே மாதிரி இன்னொரு வன்தட்டின் பலகையைக் கழற்றி மாட்டுவது மட்டும் உதவாது. ஒவ்வொரு வன்தட்டுக்கும் உரிய அளவுத்திருத்தத் தரவுகள் அதன் சொந்தப் பலகையில் உள்ள நினைவகச் சிப்பில் இருக்கின்றன. அவற்றையும் மாற்ற வேண்டும்.

பழைய அடாப்டர் கெட்டிருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரால் அளந்தவர்கள், "12 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே" என்பார்கள். சும்மா இருக்கும்போது காட்டும். உள்ளே கெப்பாசிட்டர் வீங்கிய அடாப்டர், சுமை ஏறும்போதுதான் சரியும். வன்தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். புதிது வாங்கும்போது 12 வோல்ட், 2 அம்பியருக்குக் குறையாமல், முனையின் நடுப்பகுதி நேர் மின்வாய் என்ற குறி கேசிங்கில் உள்ளதோடு ஒத்திருக்கும்படி வாங்குங்கள்.

சிறு கோப்புகள் பிரச்சினையின்றிப் போகின்றன. பெரிய கோப்பை நகலெடுத்தால் நடுவில் வன்தட்டு மறைந்துவிடுகிறது.

கெர்னல் வரிகளில் "யூஏஎஸ்" என்று தொடங்கி "அபோர்ட்" என்று ஏதேனும் வருகிறதா, அதைத் தொடர்ந்து "ரீசெட் சூப்பர்ஸ்பீட்" என்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கேசிங்கின் சிப்பும் யூஏஎஸ் என்ற வேகமான முறையும் ஒத்துப்போகவில்லை.

பழைய முறையில் யூஎஸ்பி சேமிப்புக் கருவிக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான் தர முடியும். யூஏஎஸ் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பிவைக்கும். லினக்ஸில் இது 2014இல் வந்த 3.15ஆவது கெர்னலிலிருந்து நம்பகமாக இயங்குகிறது. ஆனால் கேசிங்குகளில் உள்ள சில சிப்கள், அல்லது அவற்றில் ஏற்றப்பட்ட பழைய உள்மென்பொருள் (ஃபர்ம்வேர்), வரிசை நீண்டால் உறைந்துவிடும். ஜேமைக்ரோன், ஏஎஸ்மீடியா ஆகிய நிறுவனங்களின் சிப்களையே கடைகளில் அதிகம் காண்கிறோம். ஒரே கேசிங், ஒரே பெட்டி, ஆனால் உள்ளே வேறு பதிப்புச் சிப் என்பதும் நடக்கும்.

தீர்வு, அந்தக் கேசிங்குக்கு மட்டும் யூஏஎஸ்ஸை நிறுத்துவது. எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்தால் கேசிங்கின் அடையாளம் நான்கு, நான்காக எட்டு எழுத்துகளில் தெரியும். உதாரணமாக 152டி:0578 என்பது ஜேமைக்ரோனின் ஜேஎம்எஸ்578 சிப். பின்பு ஈடீசி கோப்புறைக்குள் மோட்புரோப் புள்ளி டி என்ற உட்கோப்புறையில், புள்ளி சிஓஎன்எஃப் என்று முடியும் கோப்பொன்றை உருவாக்கி, அதில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ஆப்ஷன்ஸ், இடைவெளி, யூஎஸ்பி-ஸ்டோரேஜ், இடைவெளி, குவர்க்ஸ்=152டி:0578:யூ. கடைசியில் உள்ள யூ என்ற எழுத்துத்தான் யூஏஎஸ் வேண்டாம் என்று சொல்கிறது. டெபியன், உபுண்டு, மின்ட் பயன்படுத்துவோர் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஹைஃபன் யூ சேர்த்து இயக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். சுழலும் வன்தட்டில் வேகக் குறைவு அநேகமாகத் தெரியாது. எஸ்எஸ்டி என்றால் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். யூஏஎஸ்ஸை நிறுத்துவதை எல்லா நோய்க்கும் மருந்தாகப் பயன்படுத்துகிறார்கள். யூஏஎஸ் வன்தட்டை அதிகமாக வேலை வாங்குவதால், மின்சாரப் பற்றாக்குறையும் கேபிள் கோளாறும் அதில்தான் முதலில் வெளிப்படும். ஆகவே நல்ல கேபிளை மாற்றிப் பார்த்த பிறகே இந்த வரியை எழுதுங்கள். இல்லாவிட்டால் நோய் இருக்க, காய்ச்சலை மட்டும் அடக்கியதாகிவிடும்.

சிறிது நேரம் சும்மா இருந்தால் துண்டித்துக்கொள்கிறது.

சில கேசிங்குகள் தாமாகவே சில நிமிடங்களில் வன்தட்டைத் தூங்கவைக்கும். எழுப்பும்போது சில வினாடிகள் தாமதமானால் அது இயல்பு. எழும்பாமல் மறைந்தே போனால், டிஎல்பி, பவர்டொப் போன்ற மின்சேமிப்புச் செயலிகள் யூஎஸ்பி துளையைத் தூங்கவைக்கின்றனவா என்று பாருங்கள். டிஎல்பியின் அமைப்புக் கோப்பில் அந்தக் கேசிங்கின் அடையாளத்தை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு அருகில். கேசிங்குகள் அடிக்கடி பழுதாகின்றன. உப்புக் காற்று காரணமாக இருக்குமா?

இருக்கும். மெரின் டிரைவ் பக்கம் இருந்து வந்த கேசிங் ஒன்றைத் திறந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். யூஎஸ்பி சொக்கெட்டின் உலோக விளிம்பில் பழுப்புத் துரு, பற்றாசு இட்ட இடங்களைச் சுற்றி வெள்ளைப் பொடி, சாட்டா இணைப்பின் பொன்னிறத் தகடுகளில் ஆங்காங்கே பச்சைப் புள்ளிகள். அந்தப் புள்ளி ஒன்றே போதும், இணைப்பு வருவதும் போவதுமாக இருக்க. மழைக்காலத்தில் மோசமாகி வெயில் காலத்தில் சற்றுத் தெளியும் பழுதுகள் பெரும்பாலும் இந்த வகை.

மின்சாரத்தைத் துண்டித்து, வன்தட்டைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த மென்மையான தூரிகையால் தகடுகளைத் துடையுங்கள். முழுமையாக உலர்ந்த பின் பொருத்தி, சில முறை செருகிக் கழற்றுங்கள். வன்தட்டின் மேல்மூடியில் உள்ள சிறு காற்றுத் துளையில் திரவம் படக்கூடாது. பாவிக்காத வேளைகளில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஜன்னலோர மேசை வேண்டாம்.

வேகம் மிகக் குறைவு. நொடிக்கு 35 மெகாபைட் கூடப் போகவில்லை.

அது யூஎஸ்பி 2.0இன் வேகம். எல்எஸ்யூஎஸ்பி, இடைவெளி, ஹைஃபன் டீ என்று அடித்தால் ஒவ்வொரு கருவியும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று கிளை கிளையாகக் காட்டும். 480எம் என்றால் 2.0, 5000எம் என்றால் 3.0. நீல நிறத் துளையில் செருகியும் 480 காட்டினால், தொலைபேசிக்கு மின்னேற்றும் கேபிளைப் பாவிக்கிறீர்கள், அல்லது 3.0க்குரிய கூடுதல் தொடுகைகள் பொருந்தவில்லை. முனையைத் தயங்கித் தயங்கிச் செருகினாலும் சில கணினிகள் 2.0 என்று முடிவு செய்துவிடும். ஒரே அழுத்தில் செருகுங்கள்.

ஸ்மார்ட் அறிக்கையை எடுக்க முடியவில்லை, பிழை வருகிறது.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவேடுதான் ஸ்மார்ட். ஸ்மார்ட்மொன்டூல்ஸ் பொதியை நிறுவி, ஸ்மார்ட்சிடீஎல் கட்டளையில் ஹைஃபன் ஏ, பிறகு ஹைஃபன் டி, இடைவெளி, எஸ்ஏடீ என்று சேர்த்துக் கேளுங்கள். கேசிங்கைக் கடந்து வன்தட்டிடமே கேள்வி போகும். சீகேட் நிறுவனத்தின் வெளி வன்தட்டுகளில், யூஏஎஸ் வழியாக இந்தக் கேள்வி கடந்து செல்வதைக் கெர்னலே தடுத்து வைத்திருக்கிறது, சில மாதிரிகள் அதனால் உறைந்துபோனதால். மேலே சொன்ன யூ வரியை எழுதினால் அங்கும் அறிக்கை கிடைக்கும்.

அறிக்கையில் எல்லாவற்றையும் வாசித்துக் குழம்ப வேண்டாம். 5, 197, 198 என்ற இலக்கங்களின் கடைசி நிரலைப் பாருங்கள். அவை பூச்சியமாக இருந்தால் தட்டின் மேற்பரப்புப் பற்றி வன்தட்டுக்கு முறைப்பாடு இல்லை. 197 ஏறிக்கொண்டே போனால் இன்றே பிரதி எடுங்கள். 199 தனிக் கதை. அது வன்தட்டுக்கும் கேசிங்கின் பலகைக்கும் இடையே தரவு சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. யூஎஸ்பி கேபிளோடு அதற்குச் சம்பந்தமில்லை. அது ஏறுகிறது, மற்ற மூன்றும் பூச்சியம் என்றால், குற்றவாளி கேசிங் என்பதற்கு வன்தட்டே எழுதித் தந்த சாட்சி அது. அந்த எண் எப்போதும் இறங்காது. ஆகவே இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, ஒரு கிழமை கழித்து ஒப்பிடுங்கள்.

பழைய கேசிங் பழுது என்று உறுதியானது. வன்தட்டைக் கழற்றிப் புதுக் கேசிங்கில் போட்டேன். இப்போது வெற்றுத் தட்டு என்று காட்டுகிறது. கடைக்காரர் ஃபோர்மட் செய்யச் சொல்கிறார்.

செய்யாதீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தங்கச்சியின் சாமத்திய வீட்டு வீடியோவும் தாத்தாவின் ஒரே படமும் அநேகமாக அங்கேயே இருக்கின்றன. மூன்று காரணங்களில் ஒன்றால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன.

முதல் காரணம், செக்டர் அளவு. வன்தட்டு தன் இடத்தை 512 பைட் துண்டுகளாக எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கேசிங்குகளில் சில, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டைப் பழைய விண்டோஸிலும் காட்டுவதற்காக, எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட் என்று கணினியிடம் சொல்லிவந்தன. வன்தட்டு எந்தெந்தப் பகுதிகளாக (பார்ட்டிஷன்களாக) பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையும் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டது. புதுக் கேசிங் உள்ளபடியே 512 என்று சொல்லும்போது, அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் தவறான இடத்தைச் சுட்டும். லினக்ஸில் இதற்கு அருமையான வழி உண்டு. எல்ஓஎஸ்ஈடீயூபீ கட்டளை வன்தட்டின் மேல் ஒரு மாயத் தட்டை உருவாக்கும். காலியான மாயத் தட்டொன்றைத் தேடும் ஹைஃபன் எஃப் தெரிவையும், வாசிக்க மட்டும் என்ற ஹைஃபன் ஆர் தெரிவையும், பகுதிகளைத் தேடும் பெரிய எழுத்து ஹைஃபன் பீ தெரிவையும், செக்டர்-சைஸ் 4096 என்ற தெரிவையும் சேர்த்து இயக்கினால், அந்த மாயத் தட்டில் பழைய பகுதிகள் அப்படியே தோன்றும். அங்கிருந்து கோப்புகளை வேறு தட்டுக்கு நகலெடுத்துவிடலாம்.

இரண்டாவது, மறையாக்கம் (என்கிரிப்ஷன்). வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக், மை பாஸ்போர்ட் வரிசைகளில் பல மாதிரிகள், நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும், எழுதும் எல்லாவற்றையும் கேசிங்கின் சிப்பில் மறையாக்கம் செய்தே எழுதுகின்றன. வேறு கேசிங்கில் போட்டால் வெறும் இரைச்சல்தான் தெரியும். அதே வகைச் சிப் உள்ள பலகை தேவை. இதனால்தான் பழுதான பலகையை ஒருபோதும் எறியக்கூடாது. அதே வரிசையின் சில இரண்டரை அங்குல மாதிரிகளில் வன்தட்டின் பலகையிலேயே யூஎஸ்பி சொக்கெட் பற்றாசு வைக்கப்பட்டிருக்கும். சாட்டா முனையே இருக்காது. அங்கே கழற்றி மாற்ற எதுவுமில்லை.

மூன்றாவது, புதுக் கேசிங் என்று வாங்கியது உண்மையில் மிகப் பழைய வடிவமைப்பு. 32 பிட் எண்ணால் 512 பைட் துண்டுகளை எண்ணும் சிப், ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ணாது. 3 டெராபைட் வன்தட்டு 801 ஜிகாபைட் என்று காட்டினால் இதுதான் விடயம். வேறு கேசிங் மாற்றினால் போதும்.

"ராங் எஃப்எஸ் டைப்" என்று சொல்லி மவுன்ட் ஆக (திறந்து இணைய) மறுக்கிறது. விண்டோஸில் திறக்கிறது.

கேசிங்குக்குப் பழுதில்லை. என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறைமையில் ஃபோர்மட் செய்த தட்டை விண்டோஸிலிருந்து முறையாக வெளியேற்றாமல் பிடுங்கியிருக்கிறார்கள், அல்லது விண்டோஸின் வேகத் தொடக்கம் அதைப் பாதி திறந்த நிலையில் விட்டுச் சென்றிருக்கிறது. 2021இல் 5.15 கெர்னலோடு வந்த என்டிஎஃப்எஸ்3 என்ற இயக்கி, அழுக்கு (முறையாக மூடப்படவில்லை) என்று குறியிடப்பட்ட தட்டை ஏற்க மறுக்கும். விண்டோஸில் திறந்து, தட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை இயக்கி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி முழுதாக நிறுத்திவிட்டு வாருங்கள்.

மின்வெட்டு வன்தட்டைக் கெடுக்குமா?

சுழலும் வன்தட்டு மின்சாரம் போனால் வாசிப்பு முனையைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்படியே செய்யப்பட்டிருக்கிறது. அதிகம் அடிபடுவது, எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாத நாட்களையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு மோதி நாடே இருண்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். மடிக்கணினிக்கு பட்டரி உண்டு. அடாப்டரில் ஓடும் மூன்றரை அங்குலக் கேசிங்குக்கு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் போதே அது அணைந்துவிடும். எக்ஸ்ஃபெட் முறைமைக்கு, செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் மாற்றப் பதிவேடு கிடையாது, ஈஎக்ஸ்டி4க்கு உண்டு. லினக்ஸில் மட்டும் பாவிக்கும் தட்டென்றால் ஈஎக்ஸ்டி4 என்றே ஃபோர்மட் செய்யுங்கள். சிறிய யூபிஎஸ் ஒன்றில் கேசிங்கின் அடாப்டரையும் செருகிவிடுங்கள்.

கணினி தொடங்கும்போது எந்தத் தட்டுகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வன்தட்டைச் சேர்த்திருப்பவர்கள் எஸ்டிபி1 போன்ற மாறக்கூடிய பெயரை எழுதாமல், மாறாத அடையாளமான யூயூஐடியை எழுதுங்கள், நோஃபெயில் என்ற சொல்லையும் சேருங்கள். இல்லாவிட்டால் வன்தட்டு செருகப்படாத நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலையில் போய் நிற்கும்.

எஃப்எஸ்சிகே இயக்கித் திருத்தலாமா?

வழி பழுதாக இருக்கும்போது கூடவே கூடாது. கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் கட்டளையான எஃப்எஸ்சிகே தான் வாசித்ததை நம்பி எழுதும். கேசிங் தவறாக வாசித்துத் தந்தால், நல்ல கோப்புகளைக் கெட்டவை என்று கருதித் திருத்திவிடும். முதலில் நல்ல கேசிங்குக்கு மாற்றுங்கள். வன்தட்டே தடுமாறுகிறதென்றால் பழுதான தட்டிலிருந்து பிரதி எடுக்கும் கருவியான டிடிரெஸ்கியூ கொண்டு முழுப் பிரதி எடுங்கள். வரைபடக் கோப்பு ஒன்றை அதற்குக் கட்டாயம் கொடுங்கள். எதுவரை வாசித்தது, எங்கே தவறியது என்பதை அது குறித்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் ஹைஃபன் என் சேர்த்தால் சுலபமாக வரும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களில் மல்லுக்கட்டாமல் கடந்துவிடும். திருத்த வேலைகளைப் பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள்.

புறக்கோட்டையில் 16 டெராபைட் எஸ்எஸ்டி சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே ஒரு சிறு மெமரி கார்ட் ஒட்டப்பட்டு, பொய்யான கொள்ளளவு எழுதப்பட்டிருக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எஃப்3 பொதியிலுள்ள எஃப்3ரைட், எஃப்3ரீட் இரண்டையும் இயக்குங்கள். முழு இடத்தையும் நிரப்பி, திரும்ப வாசித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும்.

வன்தட்டைச் செருகினால் வைஃபை தடுமாறுகிறது.

யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. 2012இலேயே இன்டெல் இதைப் பற்றி ஆவணம் வெளியிட்டிருக்கிறது. நன்கு உறையிட்ட கேபிளை மாற்றுங்கள், கேசிங்கைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள்.

புதுக் கேசிங் வாங்கும்போது கொழும்பில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் வகை வகையாக இருக்கின்றன. பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல், எந்தச் சிப் என்று கேளுங்கள். தெரியாது என்றால், உங்கள் மடிக்கணினியைக் கொண்டு போய் அங்கேயே செருகி எல்எஸ்யூஎஸ்பி பாருங்கள். நல்ல கடைக்காரர் அனுமதிப்பார். என்விஎம்ஈ (வேகமான எஸ்எஸ்டி வகை) கேசிங் என்றால் உலோக உடல் அவசியம். நம் வெப்பத்தில் பிளாஸ்டிக் உடலுக்குள் அது கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கழற்றி மாட்டக்கூடிய கேபிள் உள்ளதையே வாங்குங்கள், டைப் சி சொக்கெட் இருந்தால் நல்லது. அகன்ற தட்டை முனை கொண்ட பழைய மைக்ரோ பி சொக்கெட்டுகள் ஆடிப்போய்ப் பலகையிலிருந்து பெயர்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்லாம் செய்து பார்த்தேன், வன்தட்டே பழுது. மீட்பு நிலையத்துக்குக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

திறக்கும் முன் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவு கிடைக்காவிட்டால் பணம் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வன்தட்டின் மேல்மூடியைத் தூசியில்லா அறையில் திறப்பார்களா, அல்லது வேறிடத்துக்கு அனுப்புவார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விழுந்தது, தவறான அடாப்டர் செருகியது, நனைந்தது, எதுவாயினும் அது அவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும். நீங்கள் சேமித்து வைத்த டிஎம்இஎஸ்ஜி வரிகளையும், டிடிரெஸ்கியூ ஓடியிருந்தால் அதன் வரைபடக் கோப்பையும் கொடுங்கள். முக்கியமான கோப்புறைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் முதலில் அவற்றைத் தேடுவார்கள். வன்தட்டோடு அதன் சொந்தக் கேசிங், பலகை, அடாப்டர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுங்கள். மறையாக்கத்தின் திறவுகோல் அந்தச் சிறு பலகையில் இருக்கக்கூடும்.